ஆளில்லாத கோட்டைகள்

2002-இல் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் வெளியிட்ட 'ரக்னரோக் ஆன்லைன்' என்ற இணைய விளையாட்டு மலேசியாவில் இரண்டு விதமாக ஓடியது. ஒன்று, விளையாடும் நேரத்தை அட்டையாக விற்ற உரிமம் பெற்ற சேவை. மற்றது, ரசிகர்களே நடத்திய தனியார் சர்வர்கள். நிறுவனத்தின் சர்வர் செய்யும் வேலையை அப்படியே செய்யும் நிரலை ஆர்வலர்கள் தாங்களே எழுதினார்கள். ஈஅதீனாவும் அதன் வழிவந்த ஆர்அதீனா, ஹெர்குலிஸ் ஆகியவையும் அப்படிப்பட்டவை. உரிமையாளரின் அனுமதி இல்லாத வேலைதான். ஆனாலும் தோட்டத்திலிருந்து ஜாசின், அலோர் காஜா போன்ற பட்டணங்களுக்கு வந்து, சைபர் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று வெள்ளி கொடுத்த பையனுக்கு, சந்தா இல்லாமல் பத்து மடங்கு வேகத்தில் நிலை உயரும் சர்வர்தான் கட்டுப்படியானது.

இந்தத் தனியார் சர்வர்களின் சரிவுக்குக் கைப்பேசியைக் குற்றம் சொல்வது வழக்கம். 2018-இல் விளையாட்டின் கைப்பேசி வடிவமான 'ரக்னரோக் எம்' தென்கிழக்காசியாவுக்கு வந்தது உண்மை. அது பாதிக் காரணம். மீதிப் பாதி உள்ளேயே இருந்தது. நிரல் இலவசம் என்பதால், மனத்தாங்கல் கொண்ட நிர்வாகி தனியே ஒரு சர்வர் தொடங்கிவிடலாம், கூட்டம் சிதறும். சர்வர் வாடகைக்குக் கேட்ட நன்கொடைக்குப் பதிலாக வலிய ஆயுதங்களைக் கொடுத்த சர்வர்களில் காசில்லாதவர்கள் விலகினார்கள். நடத்துபவருக்கு வேலையோ கல்யாணமோ வந்தால் சர்வரும் நின்றுபோகும். கில்டுகள் எனும் ஆட்டக்காரர் குழுக்கள் மோதும் கோட்டைப் போருக்கு ஆள்பலம் வேண்டும். இருபது பேர் மட்டுமே மிஞ்சிய சர்வரில் அந்த இருபது பேரும் தங்குவதில்லை.