குடம் சுமக்கும் சிறுமி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் விலங்கியல் மாணவி ஒருத்தி எழுதியது)

சிறு வயதில் கண்டு மகிழ்ந்த படத்தை, வளர்ந்த பின் ஒரு குழந்தையை அருகில் இருத்திக்கொண்டு மீண்டும் பார்ப்பது இனிமையானது என்று எல்லாரும் சொல்வார்கள். இனிமையானதுதான். ஆனால் அது ஒரு தேர்வும் ஆகும் என்பதைச் சென்ற மழைக்கால விடுமுறையில் அறிந்துகொண்டேன். எனக்குக் கேட்கப்பட்ட வினாக்கள் இரண்டு. ஒன்றுக்குத்தான் உடனே விடை சொல்ல முடிந்தது. மற்றொன்றைப் பற்றியே இக்கட்டுரை.

எங்கள் வீடு போடிமெட்டுக்கு அருகில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. போடிநாயக்கனூரைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் நான் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். அன்று விடாத மழை. அம்மா தோட்ட வேலைக்குப் போகவில்லை. அக்கா தன் மகளை எங்களிடம் விட்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தக் குழந்தைக்குப் பொழுது போகவில்லை. அலைபேசியில் 'தி ஜங்கிள் புக்' என்ற கார்ட்டூன் படத்தைப் போட்டேன். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஆசிரியை தம் மடிக்கணினியில் காட்டிய படம் அது. பாலு என்ற கரடியின் ஆட்டமும், ஷேர்கான் என்ற புலியின் நடையும் அப்படியே நினைவில் நின்றன. படம் ஆங்கிலத்தில் இருந்தமையால் நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கல்லூரிப் படிப்பு வீட்டுக்குப் பயன்பட்ட நேரம் அது என்று எனக்குள் சிறு பெருமையும் இருந்தது.

படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பம்பாயில் 1865-இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், 1894-இல் வெளியிட்ட கதைகளைத் தழுவியது இது. மத்தியப் பிரதேசத்தின் சியோனிக் காடுகளே கதைக்களம். ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்ற மனிதக் குழந்தையின் கதை. படத்தை உருவாக்கிய வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தார். படம் 1967 அக்டோபரில் வெளிவந்தது. அதன் நீளம் 78 நிமிடங்கள். திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணக்குப் போட்டால் 1,12,320 படங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு படங்களுக்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டென்றாலும், அத்தனை அசைவும் கையால் வரையப்பட்டது என்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. அதில் ஒரு குடம் சாய்வதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து வரைந்திருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வினா குரங்குகளின் அரசன் வந்தபோது எழுந்தது. "சித்தி, இந்தச் செவலைக் குரங்கு நம்ம காட்டுல இருக்கா?" என்றாள். விலங்கியல் மாணவியிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்றோ! அது ஒராங்குட்டான்; போர்னியோ, சுமத்ரா தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்வது; இந்தியக் காட்டில் கிடையாது; கிப்ளிங்கின் கதையிலும் அந்த அரசன் இல்லை; நம் மலையில் இருப்பவை கருமந்தியும் சோலைமந்தியும் என்று விளக்கினேன். யானைப் படை அணிவகுத்து வந்தபோது அவள் சிரித்துவிட்டாள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, மே மாதம் கம்பம் நகருக்குள் புகுந்து, ஜூனில் மீண்டும் பிடிபட்டுத் தெற்கே கொண்டுசெல்லப்பட்ட அரிக்கொம்பனின் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தை அவள். யானை வரிசையில் நின்று கட்டளை கேட்கும் என்பதை அவள் நம்பவில்லை. இதுவரை எல்லாம் நன்றாகவே சென்றது.

படம் முடியும் தறுவாயில் காட்டின் எல்லையில் ஒரு சிற்றூர் தெரிகிறது. ஒரு சிறுமி குடத்துடன் தண்ணீர் எடுக்க வருகிறாள், பாடுகிறாள். அந்தப் பாட்டை நான் தமிழில் சொல்லத் தொடங்கியபோதுதான் அதன் பொருள் எனக்கே முதன்முறையாக உறைத்தது. அப்பா வேட்டைக்குப் போகிறார், அம்மா சமைக்கிறாள், நான் பெரியவளாகும் வரை தண்ணீர் சுமப்பேன், பிறகு கணவன் வருவான், எனக்கும் ஒரு மகள் பிறப்பாள், அப்போது அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நான் சமைப்பேன் என்பதே அந்தப் பாட்டின் சாரம். கேட்டுக்கொண்டிருந்த குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் சித்தி, அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு லீவா?"

நான் வாயடைத்துப் போனேன். பகலில் ஒரு சிறுமி பள்ளிக்குப் போகாமல் குடத்தோடு நடக்கிறாள் என்றால் அன்று விடுமுறையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. அவளுக்குத் தெரிந்த உலகம் அப்படிப்பட்டது. விடுமுறை இல்லையடி, அவளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் பேசினார். "தண்ணி எடுக்கிறதுல என்னத்தா கேவலம்? வீட்டுக்கு ஒருத்தி எடுத்துத்தான ஆகணும்" என்றார். அம்மாவின் சொல்லில் நியாயம் உண்டு. ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பது. நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் அதைப் பறித்துவிட்டு வந்து, அதன்பின் ஊற்றுக்குப் போய்க் குடத்தை இடுப்பில் ஏற்றிய பெண் அவர். குடம் சுமப்பது இழிவு என்று சொன்னால் அது என் தாயையே இழிவுபடுத்துவதாகும். நான் அவ்வாறு சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்தியது குடமன்று. ஒரு சிறுமியின் வாழ்க்கை முழுவதையும் அவள் தொடங்கும் முன்பே நான்கு வரியில் முடித்துவிட்டார்களே, அதுதான். அவளுக்குக் குடத்திலிருந்து விடுதலை எப்போது என்றால், அதைச் சுமக்க ஒரு மகள் பிறக்கும்போது! இது கற்பனை நாட்டின் கதையா? எங்கள் வீட்டில் அம்மாவிடமிருந்து அக்காவுக்கு அந்தக் குடம் வந்தது. அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். அவள் நன்றாகப் படித்தவள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவள். அம்மா விடியலில் ஜீப் ஏறிப் போனபின் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதைத் தவிர அவள் நின்றதற்கு வேறு காரணம் இல்லை. அவள் குடத்தை எடுத்ததால்தான் நான் புத்தகப் பையை எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் நான் என்று ஊரார் புகழும்போதெல்லாம் இந்த உண்மை என்னைக் குத்துகிறது.

அப்படியானால் இத்தகைய பழைய படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் விட்டுவிடலாமா? அவ்வாறு வாதிடுவோர் உண்டு. டிஸ்னி நிறுவனமே 2020-இல், தன் பழைய படங்கள் சிலவற்றின் தொடக்கத்தில், மக்களையும் பண்பாடுகளையும் தவறாகச் சித்திரிக்கும் பகுதிகள் உள்ளன என்று எச்சரிக்கைக் குறிப்பை இணைத்தது. இப்படத்துக்கும் அக்குறிப்பு அப்போது இணைக்கப்பட்டது. ஆனால் ஏழு வயதுக் குழந்தை குறிப்பைப் படிக்குமா? அடுத்து, 2016-இல் அதே நிறுவனம் இக்கதையைப் புதிதாக எடுத்தது, தமிழிலும் வெளிவந்தது. அதில் மௌக்லி ஊருக்குப் போவதில்லை, காட்டிலேயே தங்கிவிடுகிறான். குடம் சுமந்து பாடும் சிறுமி அதில் இல்லவே இல்லை. இதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அவள் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிவைத்து, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவளையே கதையிலிருந்து இறக்கிவிட்டார்கள். தவறை மறைப்பது வேறு, திருத்துவது வேறு.

மேலும், பழைய படத்தை ஒதுக்கியிருந்தால் நான் ஒன்றைக் காணத் தவறியிருப்பேன். பாட்டு முடிந்ததும் அந்தச் சிறுமி குடத்தை வேண்டுமென்றே நழுவவிடுகிறாள். மௌக்லி ஓடிவந்து எடுத்து, தண்ணீர் நிரப்பி, தானே தலையில் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடக்கிறான். இதைக் கண்டதும் அம்மா முறத்தை நிறுத்திவிட்டு, "அட, பய தூக்கிட்டுப் போறான் பாரு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பாட்டு பழைய நியாயத்தைச் சொல்ல, படம் வேறொன்றைக் காட்டுகிறது! நான்காம் வகுப்பில் இதைப் பார்த்த எனக்குப் பாட்டும் தெரியவில்லை, பையன் குடம் சுமந்ததும் தெரியவில்லை. ஒரு குழந்தை கேள்வி கேட்டாள். ஒரு தாய் மறுத்துப் பேசினார். அதன் பிறகே எனக்குக் கண் திறந்தது. ஆகவே என் கருத்து இதுதான்: பழைய படங்களைப் போற்றிப் பூசிக்கவும் வேண்டா, பூட்டி வைக்கவும் வேண்டா. குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். அது கேட்கும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பெற்றோர் மலைக்கும் வயலுக்கும் போனபின் நம் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இன்று அலைபேசிதான். அது ஓயாமல் படம் காட்டும். ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், ஒரு மாலைப் பொழுதையாவது இதற்கு ஒதுக்க வேண்டுமென்று பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். ஊர்க் குழந்தைகளை அமர்த்தி ஒரு நல்ல பழைய படத்தைக் காட்டுவோம். நாம் பேசுவதைக் குறைத்து, அவர்கள் கேட்பதைக் கேட்போம். தாய்மார்களும் வந்தால் இன்னும் நல்லது.

அக்கா மகளுக்கு நான் அன்றிரவே விடை சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு லீவு இல்லடா. அவளைப் பள்ளிக்கூடத்துல யாரும் சேக்கல" என்றேன். சற்று நேரம் யோசித்தாள். "அப்ப அந்தப் பையனையும் சேக்கலையே, ரெண்டு பேரையும் சேத்துவிடச் சொல்லு" என்றாள். மறுநாள் காலை நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். அக்கா வந்து வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.