ஒரே பூட்டு, ஒவ்வாத பூட்டு!

2020 மார்ச்சு 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலேயே நாடு முழுமையும் பூட்டினர் தில்லி ஆளவந்தார். விளைவென்ன, தமிழர்களே? கொள்ளைநோய் பரவிய அவ்வேப்பிரல் திங்களின் வேலையின்மையை இந்தியப் பொருளியல் கண்காணிப்பு நடுவம் கணித்தது. இந்திய அளவில் நூற்றுக்கு 23. தமிழகத்திலோ ஏறக்குறைய 50! புதுச்சேரியில் 75ஐயும் கடந்தது. பஞ்சாபிலோ மூன்றளவே! அங்கு அறுவடை வயலுக்குப் பூட்டில்லை. ஆலையையும் தறியையும் பட்டறையையும் நம்பிய நம் மண்ணுக்கோ, கதவடைத்த அன்றே கூலியுமில்லை, கஞ்சியுமில்லை. திருப்பூரில் பின்னலாடை தைத்த பீகாரியும் உடன் பசித்தான். அவன் நமக்குப் பகைவனல்லன். வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனையர் என்று 2020 செபுதம்பரில் நாடாளுமன்றத்தில் வினவியபோது, கணக்கே இல்லையென்றது நடுவணரசு. பிணங்களை எண்ணவும் மனமில்லாதார்க்கு, எல்லா நிலத்தின் உழைப்பையும் ஒரே பூட்டால் பூட்ட உரிமை தந்தவர் எவர்?