முதலில் பற்றரி, பிறகுதான் கொன்ட்ரோலர்

எங்கட அப்பாவின் ஹொண்டா சிஜி125 2001இல் வாங்கியது. 2021 ஒக்டோபர் 25 அன்று யூலெஸ் எல்லை தெற்குச் சுற்றுவீதி வரை விரிந்தபோது லூயிஷாமும் அதற்குள் அகப்பட்டது. அன்றிலிருந்து அந்த பைக்கை றோட்டில் இறக்கினால் நாளுக்கு 12.50 பவுண். அப்பா அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். விற்க மனமில்லை.

அதை மின்சார பைக்காக மாற்றலாம் என்று நான் தொடங்கினேன். உங்களில் பலரைப் போல நானும் முதலில் தேடியது கொன்ட்ரோலரைத்தான். எவ்வளவு அம்பியர், எவ்வளவு வேகம்? அது பிழையான தொடக்கம் என்பது என் கருத்து.

விளம்பரத்தில் '300 அம்பியர்' என்று இருக்கும். அது பெரும்பாலும் மோட்டர் பக்கத்துக் கணக்கு. பற்றரியில் இருந்து இழுக்கும் அம்பியர் வேறு, குறைவு. அதைத்தான் பார்க்க வேண்டும். 40 அம்பியர்-மணி பற்றரியால் தொடர்ந்து 80 அம்பியர் கொடுக்க முடியுமென்றால், 150 கேட்கும் கொன்ட்ரோலர் எதற்கு? ஒன்றில் பிஎம்எஸ் நடு றோட்டில் கரண்டை வெட்டும், இல்லாவிட்டால் செல்கள் சூடேறும். 77 வோல்ட்டில் 80 அம்பியர் என்றால் 6 கிலோவாட். லூயிஷாம் நெரிசலுக்கு அது தாராளம். சிபிரி மட்டும் முடித்தவர்களுக்கு எல்லையே 11 கிலோவாட்தானே.

பற்றரியில் இரண்டு வகை பார்த்தேன். நிக்கல்-மங்கனீசு-கோபால்ட் வகை பாரம் குறைவு, ஆனால் சூடு மீறினால் அடக்குவது கஷ்டம். இரும்பு-பொஸ்பேட் வகை ஏறக்குறைய 10 கிலோ கூட, ஆனால் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. நான் இரண்டாவதை எடுத்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 24 செல் தொடரை முழுதாக ஏற்றினால் 87.6 வோல்ட். '72 வோல்ட்' என்று விற்கிற சில கொன்ட்ரோலர்கள் 84க்கு மேல் தாங்காது. வாங்கும் முன் உச்ச வோல்ட்டைக் கேளுங்கள். பூச்சியம் பாகைக்குக் கீழே இந்த வகையைச் சார்ஜ் பண்ணவும் கூடாது. ஆகவே குளிரில் தானாக நிறுத்தும் பிஎம்எஸ் வேண்டும்.

அப்பா எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளை, வீட்டுக்குள்ள வைக்கப்படாது."

எனக்குக் கோபம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓடிய மனிசன் இவர். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் சில துளி விடுவாராம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் அவர்கள். கிடைத்ததை வைத்துச் சமாளித்தவருக்கு இதற்கு மட்டும் என்ன பயம்?

பிறகு யோசித்தேன். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. லண்டன் தீயணைப்புப் படை 2023இல் மட்டும் 143 மின்சைக்கிள் தீகளுக்குப் போயிருக்கிறது. பின்னர் பொருத்திய மாற்றுக் கருவிகள், இணையத்தில் மலிவாக வாங்கிய பற்றரிகள், பொருந்தாத சார்ஜர்கள் பற்றி அவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். எங்களுடையது மூன்றாம் மாடி பிளாட். வெளியே போக ஒரே நடைபாதை, அதில் அம்மம்மாவின் வோக்கர். நான் பற்றரி வைக்க நினைத்ததும் அங்கேதான்.

ஆகவே சொல்கிறேன்: எங்கே சார்ஜ் பண்ணப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்கேற்ற பற்றரி, பற்றரிக்கேற்ற கொன்ட்ரோலர். வேகம் கடைசி. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சீற்றிலோ லைற்றிலோ பிடியுங்கள், பற்றரியில் வேண்டாம். டிவிஎல்ஏக்கும் இன்சூரன்ஸுக்கும் மறைக்காமல் அறிவியுங்கள்.

கட்ஃபோர்ட்டில் சித்தப்பாவின் கராஜ் சும்மா கிடக்கிறது. சாவி கேட்டிருக்கிறேன். முதலில் புகை அலாரம் ஒன்று வாங்கிக்கொண்டு வா, பிறகு பார்ப்பம் என்கிறார்.