சீட்டுக்கு ஏன் இந்த ஓட்டம்?

கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைத் துறையால் பாதையேறி வந்துபோன காலத்தை மறவாதோர் படுவான்கரையில் இன்னும் பலர் உளர். பாதை என்று நாம் அழைத்த அந்த மிதவை கரையை அணையுமுன்னரே சைக்கிள்காரரும், மூடை சுமந்தோரும், கைக்குழந்தையோடு நின்ற தாய்மாரும் ஒருவரையொருவர் நெருக்கி முன்னே பாய்வர். வெள்ளைச் சட்டையணிந்த உத்தியோகத்தரும் அந்த வேளையில் மரியாதை பார்ப்பதில்லை. அடுத்த பாதை எப்போது வரும், அதில் இடம் இருக்குமா என்பது எவருக்கும் நிச்சயமில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அந்த ஓட்டமும் அன்றோடு ஒழிந்தது. மக்களின் குணம் ஒரே இரவில் திருந்திவிட்டதா? இல்லை. கடக்கலாம் என்ற உறுதி கிடைத்தது. ஓடவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

இப்பழைய கதையை இன்று நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்த கையோடு இப்பகுதி வேளாண்மைக்காரர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர், படித்தவர், சிக்கனமானவரும்கூட. கொழும்பில் நடைபெறவிருந்த இசை நிகழ்ச்சியொன்றுக்கு இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், இன்றிரவு எடுக்காவிடின் இனி இல்லை என்று தகப்பனிடம் பணம் கேட்டிருக்கிறார். விதைக்கென ஒதுக்கிவைத்த நெல்லிலே கைவைக்கலாமா என்ற யோசனையோடு தகப்பன் வந்திருந்தார். “தம்பி, இந்தச் சீட்டு எந்த வட்டையில விளையுது? ஆரு அறுக்கிறது?” என்று அவர் கேட்டார். அருகிலிருந்தோர் சிரித்தனர். படித்தவர்களாகிய நாம் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதே நம் எண்ணம்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. முன்வரிசைச் சீட்டொன்று 24,000 ரூபா என வைத்துக்கொண்டால், ஒரு மாலைப்பொழுதுக்கு 200 கிலோ நெல். இரண்டு பேருக்கு 400 கிலோ. இக்கணக்கைக் காட்டி இளைஞரைக் கண்டிப்பது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. உழைத்த பணத்திலே பாட்டுக் கேட்பது குற்றமாகாது. ஆனால் நள்ளிரவில், மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று நினைக்கவும் அவகாசமின்றி அவரை வாங்கச் செய்தவர் யார்?

இவ்வித்தை புதிதன்று. 1850ஆம் ஆண்டிலே பார்னம் என்னும் அமெரிக்கக் காட்சி வியாபாரி, சுவீடன் நாட்டுப் பாடகி ஜெனி லிண்டை நியூயோர்க்குக்கு அழைத்து வந்தான். ஐரோப்பா போற்றிய குரல். ஆயின் அமெரிக்கரில் மிகப் பலர் அவருடைய பெயரையும் அறியார். பார்னம் அவர் புகழைப் பத்திரிகைகளிலே இடைவிடாது எழுதுவித்தான். கப்பல் துறைமுகத்தை அடைந்த அன்று பல்லாயிரம் பேர் கரையிலே திரண்டனர். பாட்டு எப்படியிருக்கும் என்று கேட்டறியாத கூட்டம் அது! அதன் பின்னர் முதல் நிகழ்ச்சியின் சீட்டுகளை ஏலத்தில் விட்டான். முதற் சீட்டை 225 டொலருக்கு எடுத்தவர் ஜெனின் என்னும் தொப்பி வியாபாரி. சங்கீதப் பித்தினாலா? அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அவர் கடைத் தொப்பியும் பரவியது. பார்னமும் பிழைத்தான், தொப்பிக்காரரும் பிழைத்தார். அவர்களைப் பார்த்து விலையை ஏற்றிக் கேட்ட மற்றவர்களே அவ்விருவருக்கும் கூலி கொடுத்தவர்கள்.

ஏலக்காரனின் சுத்தியலுக்குப் பதிலாக இன்று கைத்தொலைபேசி வந்திருக்கிறது. 2024 செப்டெம்பர் 22ஆந் திகதி, மும்பையிலே கோல்ட்பிளே என்னும் ஆங்கிலேய இசைக்குழு நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு விற்பனை தொடங்கியது. ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர் அன்று வந்து மோதினர் என்று சீட்டு விற்ற நிறுவனமே சொல்லிற்று. திரையிலே ஒவ்வொருவருக்கும் வரிசை எண் தோன்றியது: உமக்கு முன்னே இத்தனை இலட்சம் பேர். அந்த எண்ணைப் படம்பிடித்து நண்பருக்கு அனுப்பாதவர் இல்லை. அனுப்ப அனுப்ப, விருப்பம் இல்லாதிருந்தவர்க்கும் விருப்பம் பிறந்தது. 35,000 இந்திய ரூபாவே ஆகக் கூடிய விலை என்றிருந்த சீட்டுக்குத் தரகரிடம் இலட்சக்கணக்கில் விலை பேசப்பட்டது. இனி நடந்ததைக் கவனியுங்கள். இரண்டு நாள்தான் என்று அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி, விற்பனை நடந்த அன்றே மூன்று நாளாயிற்று. நவம்பரில், அகமதாபாத்தின் மாபெரும் கிரிக்கெட் மைதானத்திலே இன்னும் இரண்டு நாள் சேர்க்கப்பட்டது. செப்டெம்பரில் கடைசிச் சீட்டு என்று நம்பித் தரகரிடம் கொட்டிக் கொடுத்தவர் யாரிடம் போய் முறையிடுவார்?

அடுத்த பாதை வரும் என்பது துறைக்காரனுக்குத் தெரியும். பயணிக்கு மட்டுமே தெரியாது. சீட்டு வியாபாரத்தின் முழு இரகசியமும் இதிலே அடங்கியிருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் சட்டமா அதிபர் பணிமனை 2016 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதற்குச் சாட்சி. பெரும் நிகழ்ச்சிகளின் சீட்டுகளில் சராசரியாக 46 வீதமே பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. எஞ்சிய 54 வீதம் வேண்டியவர்களுக்கென்றும், குறிப்பிட்ட கடனட்டைக்காரர், இரசிகர் கழகத்தார் போன்றோருக்கு முன்விற்பனை என்றும் ஒதுக்கப்பட்டது. ‘சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது’ என்று மறுநாள் செய்தி வரும்போது, தீர்ந்தது எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. அரைப் பானையை முழுப் பானையென்று காட்டி அதன் வெறுமையைப் பெருமையாக்குகிறார்கள்.

விலையை மறைக்கும் வித்தையும் உண்டு. 2024 ஆகஸ்ட் 31இல் பிரித்தானியாவில் ஒயாசிஸ் குழுவின் சீட்டு விற்பனையிலே, ஏறத்தாழ 150 பவுண் என்று நம்பி மணிக்கணக்கில் இணைய வரிசையிலே காத்திருந்த பலர், முன்னே வந்து சேர்ந்தபோது 355 பவுண் கேட்கப்பட்டனர். காத்திருந்த காலத்தை வீணாக்க எவருக்கு மனம் வரும்? கொடுத்தார்கள். நிற்கும் இடத்துக்கான சீட்டுகள் இரு விலைகளில் விற்கப்படுவதையும், மலிந்த சீட்டு முடிந்ததும் ஏறிய விலைக்கு மாறுவதையும் வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாதது பற்றி அந்நாட்டின் போட்டி, சந்தைகள் அதிகாரசபை பின்னர் கேள்வி எழுப்பிற்று.

இவை கடல் கடந்த கதைகள் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2023 செப்டெம்பர் 10ஆந் திகதி சென்னைக்கு அண்மையில், பனையூரிலே ஏ. ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடைபெற்றது. மழையினால் ஆகஸ்டிலிருந்து பின்போடப்பட்ட நிகழ்ச்சி அது. பணம் கட்டிச் சீட்டு வைத்திருந்தோர் வாயிலையும் அணுக முடியாது திரும்பினர். உள்ளே சென்ற பெண்களும் பிள்ளைகளும் நெரிசலிற் பட்ட பாடு ஊரறிந்தது. இசையமைப்பாளர் தாமே முன்வந்து வருத்தம் தெரிவித்தார். உள்ளே வர இயலாதோர் தம் சீட்டின் படியை அனுப்புமாறு கேட்டார். பொலிசார் ஏற்பாட்டாளர்மீது வழக்குப் பதிந்தனர். இவ்வளவும் நடந்த பின்னரே இடம் எத்தனை, சீட்டு எத்தனை என்ற கேள்வி எழுந்தது!

ஐந்து மாதம் செல்ல, 2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாணம் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி. திரைப்பட நடிகையர் வருகிறார்கள் என்ற விளம்பரம் வாரக்கணக்காக நடந்தது. பொதுமக்களுக்கு இலவசம், முன்னே இருக்க விரும்புவோர்க்குக் கட்டணம் என்றனர். தடுப்புகள் சரிந்தன, கட்டணம் கொடுத்தோர் பகுதிக்குள் கூட்டம் புகுந்தது, நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. மறுநாள் பலர், நம்மவருள்ளும் சிலர், ‘யாழ்ப்பாணத்து இளைஞர் பண்பற்றோர்’ என்று தீர்ப்பு எழுதினர். மண்முனைத் துறையில் முண்டியடித்த உத்தியோகத்தர் எந்தக் கல்லூரியிலே பண்பு பயின்றவர்? ஒரு மைதானம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டியவர் கணக்கிடாமல், வருக வருகவென்று ஒலிபெருக்கி கட்டி அழைத்துவிட்டு, வந்தவனைப் பழிப்பது எந்த நியாயம்?

2025 ஜூன் 4ஆந் திகதி பெங்களூரில் இது உயிரைக் குடித்தது. கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு இலவச அனுமதிச் சீட்டுகள் உண்டு, அவையும் மட்டான தொகையே என்ற அறிவித்தல் அன்று பிற்பகல் இணையத்தில் வெளிவந்தது. சின்னசுவாமி மைதானத்தின் வாயில்களிலே நெரிசலில் 11 பேர் மாண்டனர்.

வேளாண்மைக்காரருக்கு இந்த வித்தையை விளக்க நாம் இவ்வளவு தூரம் சென்றிருக்க வேண்டியதில்லை. அவர் இதனை மறுபக்கத்திலிருந்து அறிவார். சூடு மிதித்த காலம் போய் இயந்திரம் அறுக்கும் காலம் வந்தும், களத்துக்கு வரும் வியாபாரியின் பேச்சு மாறவில்லை: “இண்டைக்குத் தந்தா இந்த விலை, நாளைக்கு நான் பொறுப்பில்ல.” ஈர நெல், வைப்பதற்குக் களஞ்சியம் இல்லை, உரக் கடன் தலைக்குமேல். 2025இல் கிழக்கில் அறுவடை தொடங்கிய பின்னரே அரசாங்கத்தின் நெல் விலை அறிவிக்கப்பட்டது. அதற்குள் அச்சத்தால் விற்றவர் விற்றேவிட்டார். தகப்பனிடம் ‘நாளை விலை விழும்’ என்று சொல்லி மலிவாக வாங்கும் கையும், மகனிடம் ‘நாளை கிடையாது’ என்று சொல்லி விலையேற்றி விற்கும் கையும் ஒரே வித்தையைத்தான் கற்றிருக்கின்றன. கணக்கை அறிந்தவன் ஒருவன், அறியாதவன் மற்றவன். நேரத்தைத் தன் பிடியில் வைத்திருப்பவன் விலையையும் வைத்திருக்கிறான்.

நம் இளைஞருக்கோ இந்த அச்சம் சற்று அதிகமாகவே உறைப்பதில் வியப்பில்லை. போரிலே ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகள் கழிந்தன. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் கண்டு வளர்ந்தோரின் பிள்ளைகள், உலகம் காண்பதைத் தாமும் காணவேண்டும் என்று துடிக்கிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மச்சான் அனுப்பும் படங்கள் அந்தத் துடிப்புக்கு நெய் வார்க்கின்றன. இது மானமுள்ள ஆசை. இந்த ஆசையை வைத்தே பணம் பண்ணுகிறார்கள் என்பதுதான் நம் சினத்துக்குக் காரணம்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மேடைக்குக் கொண்டுசென்ற நம் மட்டக்களப்புக் கூத்து, ஊரிலே ஆடப்படும்போது வட்டக் களரியைச் சுற்றி எப்பக்கத்திலும் அமர்ந்து பார்க்கும் கலையாகும். சட்டம் கொடுத்த நாள் தொட்டு மாதக்கணக்காக ஊரார் ஒத்திகையைப் பார்த்திருப்பர். அரங்கேற்றத்தைக் காணத் தவறியவர்க்கும் குறையில்லை. அரங்கேறிய கூத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் ஆடும் வழக்கம் இருந்தது. அதனாலே அந்தக் கலைஞர் செல்வந்தராகவில்லை என்பதும் உண்மையே. அதை மறைத்துப் பழமை பாடுவது நமக்கு உடன்பாடன்று. பெரும் மேடைக்கும் ஒலிக்கும் ஒளிக்கும் பணம் வேண்டும், பாடகனுக்கும் வாத்தியக்காரனுக்கும் ஊதியம் வேண்டும். கட்டணம் வாங்கட்டும். கணக்கைக் காட்டி வாங்கட்டும்.

அயர்லாந்து 2021இல் சட்டம் இயற்றி, பெரிய அரங்குகளின் நிகழ்ச்சிச் சீட்டுகளை அச்சிட்ட விலைக்குமேல் மறுவிற்பனை செய்வதைத் தடுத்தது. ஐம்பது இலட்சம் மக்கள் கொண்ட ஒரு நாட்டுக்கு இயன்றது இத்தீவுக்கு ஏன் இயலாது? 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அரிசி விலையையும் பருப்பு விலையையும் பார்ப்பதோடு சீட்டு விலையையும் பார்க்கட்டும். ஆயினும் கொழும்பு அசையும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. மைதானத்தைக் கொடுப்பது உள்ளூராட்சிச் சபை. கேளிக்கை வரி அறவிடுவதும் அதுவே. வரியைக் கணக்கிடச் சீட்டின் தொகை சபைக்குத் தெரிந்தாகவேண்டும். தெரிந்த தொகையை மக்களுக்குச் சொல்வதில் என்ன தடை?

ஆகவே, 2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபைகளை, மட்டக்களப்பு மாநகர சபையையும் நம் மண்முனை தென்மேற்குப் பிரதேச சபையையும் முதற்கண் வைத்து, நாம் கேட்பது இதுவே. மைதானத்துக்கு விண்ணப்பம் வரும்போது, அந்த இடம் பாதுகாப்பாகக் கொள்ளும் ஆட்தொகை என்ன, பொதுவிற்பனைக்கு விடும் சீட்டு எத்தனை, ஒதுக்கிவைப்பது எத்தனை, ஒவ்வொரு வகுப்பின் விலை யாது என்பதை எழுத்திலே வாங்குங்கள். விற்பனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே சபையின் அறிவித்தற் பலகையிலும் பத்திரிகையிலும் வெளியிடுங்கள். வாயிலிலே திருப்பி அனுப்பப்படுவோரின் பணத்துக்குப் பிணையாக ஒரு தொகையைக் கட்டச் செய்யுங்கள். பணம் திருப்பிக் கொடுபட்ட பின்னரே அதனை விடுவியுங்கள். இன்னொரு நாள் சேர்க்கும் எண்ணம் ஏற்பாட்டாளருக்கு இருப்பின் அதனையும் முன்கூட்டியே சொல்ல வையுங்கள்.

நம்மிடம் வந்த வேளாண்மைக்காரர் இந்த நாலு வரியும் எங்கே ஒட்டப்படும் என்று விசாரித்துக்கொண்டு போனார். அதுவரைக்கும் விதை நெல்லில் கைவைக்க வேண்டாம் என்று மட்டுமே அவருக்கு நாம் சொல்ல முடிந்தது.