குருதி-மூளை வேலியும் மொழிவேலியும்

தமிழில் பாட்டு எழுதலாம், சமயம் பேசலாம், மேடையில் முழங்கலாம். அறிவியல் மட்டும் எழுத இயலாது என்று சொல்லித் திரியும் படித்த தமிழர் இன்னும் குறைந்தபாடில்லை. அதிலும் மூளையாய்வு போன்ற நுண்துறைக்கு ஆங்கிலத்தை விட்டால் வழியே இல்லை என்பது அவர்தம் முடிந்த முடிபு. அம்முடிபு எத்துணைப் பொய் என்பதை, அத்துறையிலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்டுவோம்.

உடலெங்கும் பாயும் குருதி மூளையுள்ளும் பாய்கின்றது. ஆயினும், குருதியில் கலந்தவை எல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட இயலாது. இடையே காவல் ஒன்று உண்டு. அதனைக் கண்டறிந்த வரலாறு சாயத்தில் தொடங்குகின்றது. ஆதலின் சாயத்தொட்டியோடு வாழும் காஞ்சியார்க்கு அஃது எளிதில் விளங்கும்.

1885-இல் செருமானிய அறிஞர் பால் எர்லிக்கு விலங்குகளின் உடலுள் சாயம் செலுத்தினார். பிற உறுப்புகள் எல்லாம் நிறமேற, மூளை மட்டும் வெளுத்தே கிடந்தது. நூலின் இயல்பால் சாயம் பிடிக்கவில்லை என்று சாயக்காரர் கூறுவதுபோல், மூளைக்குச் சாயம் பற்றும் இயல்பில்லை என்றே அவர் கருதினார். அவர் மாணவர் எட்வின் கோல்டுமன், 1913-இல், மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலேயே நீலச்சாயத்தைச் செலுத்தினார். மூளை நிறமேறிற்று, பிற உறுப்புகள் வெளுத்திருந்தன. நூலில் குறையில்லை, நடுவே காவல் இருக்கின்றது என்பது தெளிவாயிற்று. செனீவாப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியரான இலீனா சுடெர்ன் அம்மையார் 1921-இல் அக்காவலுக்குப் பெயரிட்டார். 1967-இல் இரீசு, கர்னோவ்சுக்கி என்னும் இருவர், மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள கண்ணறைகள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டனர். நம் தறியில் கரையும் உடலும் கோர்வையில் பிணைவதை இங்கு எண்ணிப் பார்க்க.

இனி, எர்லிக்கும் கோல்டுமனும் எழுதியது எம்மொழியில்? செருமன் மொழியில். சுடெர்ன் அம்மையார் பெயரிட்டது எம்மொழியில்? பிரெஞ்சு மொழியில். ஆங்கிலம் பின்னரே அதனைப் பெயர்த்துக்கொண்டது. ஆங்கிலன் பெயர்த்தால் அறிவியல். தமிழன் பெயர்த்தால் மொழிவெறியா?

பெயர்ப்பிலும் நம் மொழி தாழ்ந்ததன்று. 'இரத்த மூளைத் தடை' என்று சிலர் எழுதுகின்றனர். குருதி என்னும் பழந்தமிழ்ச் சொல் இருக்க, இரத்தம் ஏன்? தடை என்பதும் பொருந்தாது. அக்காவல் குளுக்கோசுக்கு வாயில் திறக்கின்றது. நஞ்சுகள் பலவற்றை மறிக்கின்றது. கால்நடையை மறித்து, உரியவனுக்குப் படல் திறப்பது வேலி. ஆகவே 'குருதி-மூளை வேலி' என்க.

தனித்தமிழ் என்றால் கதவடைப்பு என்று பழிப்போர்க்கும் இவ்வேலியே விடை கூறும். உடலை நடுக்கும் பார்க்கின்சன் நோயில் மூளையில் தோபமின் என்னும் பொருள் குறைகின்றது. தோபமினையே மருந்தாகத் தந்தால் வேலி விடாது. இலெவோதோபா என்னும் மூலப்பொருளைத் தந்தாலோ, வேலி தன் வாயில் வழியே ஏற்கின்றது. மூளை அதனைத் தன்னகத்தே தோபமினாக ஆக்கிக்கொள்கின்றது. மூளை வேலியையும் அழிக்கவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை. மொழியும் அவ்வாறே கருத்தை ஏற்று, அதனைத் தன் சொல்லாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அயற்சொல்லை அப்படியே அள்ளிக் கொட்டுவது வேலியைப் பிடுங்கி எறிவதாகும்.

இது புலவர் பூசல் என்று ஒதுக்கற்க. நடுக்கத்தால் நாடா ஓட்ட இயலாத நெசவாளி ஒருவர் அம்மருந்தை உண்கின்றார் எனக் கொள்வோம். புரத உணவின் கூறுகளும் அதே வாயிலில் முண்டுவதால் சிலர்க்கு மருந்தின் பயன் குறையும்; அதனாலேயே உணவுக்கு முன் உண்ணுமாறு மருத்துவர் கூறுவர். அதன் கரணியம் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கின்றது. அவர் மொழியில் எத்தனை பேர் எழுதினர்?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2024 திசம்பரில் கருக்குழவியின் மூளைப்படத் தொகுப்பொன்றை, 5,132 மூளைச் சீவல்களின் படங்களோடு, வெளியிட்டனர். பெருமைக்குரிய பணி, ஆய்விதழில் வந்ததோ ஆங்கிலத்தில். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவரை உருவாக்கினார். அவர் நடையில் வடசொல் மிகுதி. ஆயினும் அயலவர்க்கு இருந்த உணர்வு நம்மவர்க்கு இல்லையே!

மக்கள் வரிப்பணத்தில் நிகழும் ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாதல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவு தொடங்கல் வேண்டும். ஆய்வறிஞரே, உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதுக. உம்மை வளர்த்த மக்களுக்குத் தமிழில் எழுதுக! சொல் வேண்டுமெனில் புலவரைக் கேளுங்கள்; தர நாங்கள் அணியமாய் இருக்கின்றோம்.