பியரும் பிளாவும்

ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் உருத்திரபுரம் வந்த நண்பர் ஒருவர், தம் வீட்டிலேயே காய்ச்சிய லாகர் பியர்ப் போத்தல் ஒன்றைத் திறந்தார். முளைகட்டிய பார்லி, ஹொப்ஸ் பூ, நீர், மதுவம். வேறெதுவும் இல்லை என்றார். 1516இல் பவேரியாவில் பிறந்த தூய்மைச் சட்டத்தின் வழிவந்த செய்முறையாம். குளிரில் பல வாரங்கள் கிடந்து தெளிந்த பொன்னிறம், மெல்லிய கசப்பு. நன்றாகவே இருந்தது.

கூடியிருந்தோர் செய்முறையைத் துருவித் துருவிக் கேட்டனர். அவ்வேளை பக்கத்து வளவுப் பனையிலிருந்து இறங்கிய சீவல் தொழிலாளியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான கருப்பநீர். தடவாவிடில் இயற்கையிலுள்ள மதுவமே புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். பாளையை எவ்வளவு நசுக்குவது, எத்தனை முறை சீவுவது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அதுவும் ஒரு செய்முறையே, எழுதிவைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பியர் காய்ச்சுபவரைக் கலைஞர் என்கிறோம். கள் இறக்குபவரைச் சாதி சொல்லித் தள்ளிவைத்தோம். பிளாவில் அவர் வார்த்ததை மட்டும் குடித்தோம். அவருடைய மகன் மரமேற மறுத்தால் அதில் வியப்பென்ன?

பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. ஆனால் மரியாதையை எந்தச் சபையும் வழங்க இயலாது. அதை வழங்கவேண்டியவர்கள் நாம்தான்.