நடைப்பயணத்துக்கு வண்டி எதுக்கு?

ஐப்பசி மழை பிடிச்சிருக்கு. ஏரிக்குத் தண்ணி வந்துகிட்டு இருக்கு. நட்ட சம்பா பயிர் பச்சை கட்டி நிக்குது. இந்த நேரத்தில் மாசி மாத நடைப்பயணத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு அவசரமாகத் தெரியலாம். ஆனால் பயணத்துக்கான ஏற்பாட்டை இன்றைக்குத் தொடங்கினால்தான் மாசியில் நடக்க முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

தை அறுவடை முடிந்ததும், கையில் பாரம்பரிய நெல் விதையோடு மானாம்பதியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை நடப்பது என்று எங்கள் பகுதி உழவர்கள் பேசி வைத்திருக்கிறோம். வந்தவாசி, திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம், மன்னார்குடி வழியாகப் போனால் சுமார் 280 கிலோமீட்டர். நாளைக்கு 20 கிலோமீட்டர் வீதம் 14 நாள் நடை. பாதி வழியில் வடலூரில் ஒரு நாள் ஓய்வு. திரும்ப பஸ்ஸில் வர ஒரு நாள். மொத்தம் 16 நாள். போகப் போவது 15 பேர்.

போன மாதம் இதற்காகக் கூடிப் பேசினோம். பேச்சு முழுக்க வண்டியைப் பற்றித்தான். மைக் கட்டின வண்டி ஒன்று முன்னால் போகணும், அதிலேயே சாமான், அதிலேயே சமையல். பேனர் வேணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை வேணும். சட்டையை ஒரு நிறுவனம் தருமாம், முதுகில் அவங்க பேர் இருக்கணுமாம். வண்டி வாடகை, டீசல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 16 நாளைக்கு 32,000 ரூபாய். "அவ்வளவு பணம் நம்மகிட்ட இல்லியே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கூட்டம் கலைகிற நேரம். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, எங்கள் ஊரில் விதை நெல் தூற்றிப் புடைத்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்ணா, வண்டிக்கு இன்னா ஆவும்னு கணக்கு போட்டீங்களே, நான் பதினாறு நாள் வந்துட்டா என் வூட்ல ஒல எப்டி கொதிக்கும்னு யாராவது கணக்கு போட்டீங்களா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

என் கருத்து இதுதான். கம்மிச் செலவில் நடைப்பயணம் என்றால் வண்டியையும் சட்டையையும் குறைப்பது மட்டும் இல்லை. நிலம் உள்ளவனுக்கு 16 நாள் போனால் நவரைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துக்கொள்வார், அவர் போகிறபோது நாம் பார்த்துக்கொள்ளலாம். கூலிக்குப் போகிறவருக்கு 16 நாள் என்றால் 16 நாள் கூலி போச்சு. நடைப்பயணத்தில் ஆகிற பெரிய செலவே அதுதான். ஆனால் எந்தக் கூட்டத்திலும் எந்தக் கணக்கு நோட்டிலும் அது ஏறுவதே இல்லை. அதனால்தான் நம்ம பயணங்களில் நிலம் உள்ள ஆம்பிளைகளாகவே நடக்கிறோம். விதையைத் தெரிந்த கைகள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். அஞ்சாறு வருஷம் முன்னாடி வண்டியோடு போன ஒரு நடைப்பயணத்தில் நானும் இருந்தேன். புறப்படுவதற்கு முதல் நாள் புது ஷூ வாங்கினேன். ரெண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூணாம் நாள் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்துட்டேன். ஒவ்வொரு ஊரிலும் மைக் பேசியது, நாங்கள் கை கூப்பினோம், ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், அடுத்த ஊருக்கு நகர்ந்தோம். எந்த ஊரிலும் ஒரு உழவரின் வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினதாக நினைவில்லை. வந்த பிறகு வண்டிக் கடனை அடைக்க ரெண்டு போகம் ஆச்சு.

நடந்து சாதித்தவர்கள் செலவை எப்படிப் பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1930 மார்ச் 12-ல் காந்தி 78 பேரோடு சபர்மதியில் கிளம்பி 385 கிலோமீட்டர் நடந்து தண்டிக்குப் போனார். வழியில் பாட்கம் என்ற ஊரில், தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து லாரியில் பால் வந்ததும், பெரிய விளக்கைக் கூலியாள் தலையில் சுமந்து நடந்ததும் அவருக்குத் தெரிய வந்தது. கூட்டத்திலேயே தன் ஆட்களையும் தன்னையும் கடிந்துகொண்டார். ஏழைகளுக்காக நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஏழையின் தலையில் விளக்கை ஏற்றுவதா என்பதே அவருடைய வருத்தம். நம்ம வண்டிக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்கு ஞாபகம் வருது.

அதே வருஷம் ஏப்ரல் 13-ல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் கேட்டார்களா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை நாம் நடக்கப்போவது அவர்கள் நடந்த மண்ணில்தான். டெல்டா ஜனங்களுக்கு நடந்து வருகிறவருக்குச் சோறு போடத் தெரியும். நாம் வண்டியில் அடுப்பு கொண்டுபோனால் அவர்கள் எதைத் தருவார்கள்?

1962-ல் சதீஷ்குமார், ஈ.பி. மேனன் என்ற ரெண்டு இளைஞர்கள் அணுகுண்டுக்கு எதிராக டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டனுக்குப் பயணம் போகக் கிளம்பியபோது, கையில் காசு எடுத்துப் போகாதீர்கள் என்று வினோபா சொல்லி அனுப்பினார். காசு இருந்தால் ஓட்டலில் சாப்பிட்டு விடுதியில் படுப்பீர்கள், ஒரு மனுஷரையும் பார்க்க மாட்டீர்கள் என்பது அவர் சொன்ன காரணம். நம்மாழ்வார் ஐயாவும் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தவர்தான். அவர் பேச்சு ஜனங்கள் மனசில் நின்றதற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே போவது அந்த ஏழை வீட்டுக்குப் பாரம் இல்லையா?" நியாயமான கேள்வி. அதனால்தான் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறேன். ஆளுக்கு 2 கிலோ விதை நெல் எடுத்துப் போவோம். கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா. தங்கும் ஊரில் விதைக்க மனசு உள்ளவருக்குக் கொடுப்போம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். அந்த ஏற்பாடே நமக்கும் போதும். அது போக, தங்குகிற ஊரில் ஒரு மணி நேரம் வேலை செய்வோம். பள்ளிக்கூடத் தோட்டமோ, குளக்கரை முள்ளோ, எதுவானாலும் சரி. இன்னொன்றையும் இப்போதே தீர்மானம் போட்டுக்கொள்வோம்: ஊர்த் தெருவில் எத்தனை வேளை சாப்பிடுகிறோமோ அத்தனை வேளை காலனியிலும் சாப்பிடணும். அது முடியாதவர் வர வேண்டாம்.

இனி அந்த அக்காவின் கேள்விக்குப் பதில். நிலமற்ற மக்களின் உரிமைக்காக ஏக்தா பரிஷத் 2007 அக்டோபரில் 25,000 பேரைக் குவாலியரிலிருந்து டெல்லிக்கு நடத்திக் கூட்டிப் போனது. வந்தவர்களில் பெரும்பாலோர் பரம ஏழைகள். அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி தானியம், ஒரு ரூபாய் என்று எடுத்து வைத்துத் தயாரானார்கள். பிடி அரிசி நமக்கும் புதுசு இல்லை, நம்ம பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு வைத்ததுதான்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊர்க் கூலிக்கும் விலைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 40 குடும்பம், 100 நாள், நாளுக்கு ஒரு பிடி அரிசி, 5 ரூபாய். பிடி 50 கிராம் என்றால் 200 கிலோ அரிசி சேரும். காசு 20,000 ரூபாய். 15 பேரில் 4 பேர் கூலி வேலை செய்கிறவர்கள். நாள் கூலி 300 என்று வைத்தால் 16 நாளைக்கு ஆளுக்கு 4,800 ரூபாய், நாலு பேருக்கு 19,200. இதைப் புறப்படும் முன்பே அவர்கள் வீட்டில் கொடுத்துவிடணும். கூடவே வீட்டுக்கு 35 கிலோ அரிசி. தர்மமாக நினைத்துத் தர வேண்டாம், இது அவர்கள் கூலி. மிச்சம் 800 ரூபாய் மருந்துப் பைக்கு. மிச்ச அரிசி 60 கிலோவை வறுத்து மாவாக்கினால் நடப்பவர் ஆளுக்கு 4 கிலோ. வெல்லமும் தண்ணீரும் சேர்த்தால் அடுப்பில்லாமலே ஒரு வேளை முடிந்தது.

நிலம் உள்ள 11 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போடணும். அந்த 11,000-த்தில் திரும்பி வரும் பஸ்ஸுக்கு 15 பேருக்கு 5,250, மோர், காய், டீத்தண்ணிக்கு 15 நாளைக்கு 4,500, முன்கூட்டியே இடம் பார்த்து வர 700. கையில் 550 நிற்கும். கடன் கிடையாது, முதுகில் எவன் பேரும் கிடையாது.

இடம் பார்க்கப் போகிறவர்கள் ரெண்டு பேரும் பெண்களாக இருக்கணும். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு கம்மி. அதைவிட முக்கியம், ராத்திரி தங்கும் இடத்தில் கக்கூஸ் இருக்கா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா என்று அவர்கள்தான் பார்ப்பார்கள். மகளிர் குழுக்களிடம் பேசினால் பெண்களுக்கு வீடுகளில் இடம் கிடைக்கும். ஆண்களுக்குக் கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், அறுவடை முடிஞ்ச களத்து வைக்கோல் போதும். வடலூரில் கவலையே இல்லை. வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

உடம்பைத் தயார் பண்ணுவது காசில்லாத வேலை, ஆனால் நாள் பிடிக்கும் வேலை. மார்கழியில் பெருநகர் வரை போய் வருவோம். அடுத்து உத்திரமேரூர் வரை. தையில் ஒரு தடவை முழுச் சுமையோடு வந்தவாசி வரை நடந்து, பஸ்ஸில் திரும்புவோம். விதை, மாவு, தண்ணீர், மாற்றுத்துணி, போர்வை எல்லாம் சேர்ந்து சுமை 9 கிலோவைத் தாண்டக் கூடாது. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், ரெண்டு மாசம் காலில் கிடந்து பழகினது போதும். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு 180 கிலோமீட்டர் நடந்த உழவர்களின் புண்ணான பாதங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பருத்திக் காலுறை, ராத்திரி தேங்காய் எண்ணெய், கொப்புளத் தோலை உரிக்காமல் விடுவது, இவ்வளவுதான் வைத்தியம். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் 12 கிலோமீட்டர், சாயங்காலம் 8. களைப்புக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. நாலுவழிச் சாலையைத் தவிர்த்து ஊர்ச் சாலையில், எதிரே வண்டி வருவது தெரியும்படி வலப்பக்கமாக நடக்கணும். இருட்டினால் நிறுத்திடணும்.

வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போகிற சேதிக்கு எதுக்கு 14 நாள் நடை என்று என் மகனே கேட்டான். சேதி போகும், விதை போகாதுடா என்றேன். கொடுத்த கையை அடுத்த வருஷம் தேடி வரணும் என்றால் அந்த ஊரில் ஒரு ராத்திரியாவது படுத்திருக்கணும்.

கூட்டம் முடிந்த மறுநாள் அந்த அக்கா வீட்டுக்குப் போய் இந்தக் கணக்கைச் சொன்னேன். முழுசும் கேட்டார். "மொதல்ல பானையில அரிசி வுழுதான்னு பாக்கலாம்ணா, அப்பறம் வரேன்"னு சொன்னார். எங்கள் வீட்டுப் பானையில் ஐப்பசி முதல் தேதியிலிருந்து அரிசி விழுகிறது. நேற்று வரை 23 வீடு சேர்ந்திருக்கு, இன்னும் 17 வீடு வேணும். திண்டிவனத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை வழியில் இருக்கிற நம்ம வாசகர்கள் ஒரு ராத்திரிக்கு இடம் தர முடியுமா என்று இப்போதே உங்கள் ஊரில் பேசி வையுங்கள்.